இருபத்தாறு டிகிரி என்றதும் அப்பா பதறினார்

பவளம் வளர்க்க வாங்கிய தொட்டியில் தண்ணீர் நிரப்பிய நாலாவது நாள் வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். அப்போது அதில் மீனும் இல்லை, பவளமும் இல்லை. கல், மணல், உப்புத்தண்ணீர், ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். அப்பா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எத்தன டிகிரி நிக்கிது?" என்று கேட்டார். நான் தெர்மாமீட்டரைப் பார்த்து "இருபத்தாறு" என்றேன். "ஏலேய், இருபத்தாறுல உப்பு விழுந்திருமேடா!" என்று பதறிவிட்டார்.

அப்பா முப்பத்தோரு வருஷம் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர். அளத்தில் டிகிரி என்றால் வெப்பம் இல்லை, தண்ணீரின் கனம். போமே மானியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். கடல் தண்ணீர் சுமார் மூன்றரை டிகிரி நிற்கும். வெயிலில் சுண்டச் சுண்ட ஏறிக்கொண்டே போய் இருபத்தைந்தைத் தொட்டதும் பாத்தியில் உப்பு விழ ஆரம்பிக்கும். நான் சொன்னது வெப்பம், அவர் கேட்டது உப்பு. விளக்கிச் சொன்ன பிறகு, "அப்ப மூன்றரையில நிக்கிதான்னு பாரு, அதை விடாத" என்றார். அந்தத் தொட்டிக்கு இப்போது பதினெட்டு மாதம் ஆகிறது. இடையில் நான் பார்த்த தொல்லைகளில் பாதி, அவர் சொன்ன அந்த ஒரு விஷயத்தை விட்டதால் வந்தவைதான்.

நான் இருப்பது சிங்கப்பூர் ஈசூனில், மூன்றறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. தொட்டி இரண்டடி நீளம், ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலமும் உயரமும். கல்லும் மணலும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 60 லிட்டர். பெரிய தொட்டியைவிடச் சின்னது சுலபம் என்று கடையில் சொல்லக்கூடும், நம்பாதீர்கள். 400 லிட்டரில் நடக்கும் ஒரு தவறைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். 60 லிட்டரில் அதே தவறு சாயங்காலத்துக்குள் பவளத்தின் உடம்பில் தெரிந்துவிடும். ஆனாலும் வாடகை வீட்டில் எனக்கு இதுதான் முடியும்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த கல் ஏழு கிலோ, அரகோனைட் மணல் ஐந்து கிலோ. குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றவே கூடாது. இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது, அதை முறித்தால் அமோனியா மிஞ்சும். அதனால் முதல் நாளிலிருந்தே ஆர்ஓ வடிகட்டி, அதற்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ பிசின் குழாய், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் வந்தால்தான் கடலுப்புக் கலப்பது. கலந்த தண்ணீரை ஒரு நாள் மோட்டார் போட்டுச் சுற்றவிட்டுத்தான் ஊற்றுவேன். மீன் கழிவை மாற்றும் பாக்டீரியா முதலில் வளர வேண்டும், அதற்கு அமோனியம் குளோரைடு சொட்டு விட்டு, பாட்டில் பாக்டீரியாவும் ஊற்றி, அமோனியா நைட்ரைட்டாகி நைட்ரைட் நைட்ரேட்டாகும்வரை காத்திருந்தேன். எனக்கு முப்பத்தாறு நாள் ஆனது. அந்த நாட்களில் மணல் முழுக்கக் காப்பித்தூள் தூவியது போல ஒரு பழுப்புப் படலம் வந்தது, டயாட்டம் பாசி. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வந்த மாதிரியே போய்விடும்.

இனி உப்புக்கு வருகிறேன், கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய பகுதி இது.

சிங்கப்பூரில் ஏசி போடாத அறையில் பகல் வெப்பம் 30-ஐத் தொடும். விளக்கும் மோட்டாரும் சேர்ந்தால் தொட்டித் தண்ணீர் அதையும் தாண்டும். கடலில் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளங்கள் வெளுக்க ஆரம்பித்துவிடும். அவற்றின் சதைக்குள் குடியிருந்து வெயிலில் சோறாக்கிப் போடும் நுண்பாசியை அவையே வெளியே தள்ளிவிடுகின்றன. அதனால் குளிர்விக்காமல் முடியாது. சில்லர் என்ற குளிரூட்டும் கருவி வாங்கப் பணம் இல்லை. தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி இரண்டு சின்ன மின்விசிறிகளை வைத்தேன். வெப்பம் 26-க்கும் 27-க்கும் நடுவில் வந்து நின்றது. எனக்குப் பெரிய சந்தோஷம்.

விசிறி எப்படிக் குளிர்விக்கிறது? தண்ணீரை ஆவியாக்கித்தான். தண்ணீர் போகும், உப்பு போகாது. அப்பா வேலை பார்த்த பாத்தியில் வெயிலும் காற்றும் செய்த அதே வேலையை என் வீட்டு வரவேற்பறையில் இரண்டு விசிறிகள் இரவு பகலாகச் செய்துகொண்டிருந்தன. கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி ஒரு வாரம் அளந்தேன். நாளொன்றுக்கு நீர்மட்டம் ஏழு மில்லிமீட்டர் இறங்கியது, சின்ன விரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால் அது ஒன்றரை லிட்டர். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, அப்பாவின் மூன்றரை டிகிரிதான் இது) இருந்த தண்ணீர் ஒரே நாளில் ஏறக்குறைய 36 ஆகிறது. நாலு நாள் ஊரில் இல்லாமல் விட்டால் 39. பிறகு வந்து ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றினால் ஒரு நிமிடத்தில் 35. பவளத்தால் உப்பை உள்ளே வராமல் தடுத்துக்கொள்ள முடியாது, வெளித்தண்ணீர் எப்படியோ உள்ளும் அப்படியே. இந்த ஏற்ற இறக்கத்தில் அது உடம்பைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். முதல் மூன்று மாதம் என் காளான் பவளங்கள் விரியவே இல்லை. நான் விளக்கைக் குறை சொல்லி, மோட்டாரைக் குறை சொல்லி, இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

அளக்கும் கருவியையும் ஒருமுறை சந்தேகப்பட்டுவிடுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்தால் மட்டும் போதாது, 35 பிபிடி திரவம் என்று தனியாக விற்கிறார்கள், அதில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். என்னுடையது பூஜ்யத்தில் சரியாகவும் 35-ல் இரண்டு புள்ளி தப்பாகவும் காட்டிக்கொண்டிருந்தது.

சரி, ஏடிஓ வாங்கினேன். நீர்மட்டம் இறங்கினால் ஒரு சென்சார் கண்டுபிடித்து, சின்ன பம்பு மூலம் பக்கத்துக் கேனிலிருந்து நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றும் கருவி. இந்தத் தொட்டியில் நான் செய்த மாற்றங்களில் இதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். விலை உயர்ந்த விளக்குக்கு முன்னால், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மருக்கு முன்னால் இதை வாங்குங்கள் என்று கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆனால் அதை மாட்டிய இரண்டாம் வாரமே ஒரு நாள் காலையில் எழுந்து கால் வைத்தால் தரையெல்லாம் தண்ணீர். கேனை நான் தொட்டியைவிட உயரமான அலமாரியில் வைத்திருந்தேன், குழாயின் நுனி தொட்டித் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. பம்பு ஓடி நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் தொடர்ந்து இறங்கியிருக்கிறது, சைஃபன். கேனிலிருந்த எட்டு லிட்டரும் ராத்திரியோடு இறங்கி, தொட்டி வழிந்து, உப்பு 31-க்கு வந்துவிட்டது. கோமாளி மீன்கள் இரண்டும் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. நத்தைகள் ஓட்டை மூடிக்கொண்டு கிடந்தன.

அப்பாவைக் கூப்பிட்டேன். என்ன ஆனது என்று முழுக்கக் கேட்டார். "அவசரப்பட்டு உப்பை அள்ளிப் போட்டுராத. வத்துற தண்ணிக்கு உப்புத்தண்ணியையே ஊத்து, தானா ஏறும்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஒன்றரை லிட்டர் வற்றுகிறது, அந்த இடத்தில் கடல் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் மேல் உப்புச் சேரும். 60 லிட்டரில் நாலு புள்ளி ஏற்ற 240 கிராம் வேண்டும். ஐந்து நாள். சொன்ன மாதிரியே ஐந்தாம் நாள் காலை 35-ல் நின்றது, ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு குழாய் நுனியை நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டினேன், கேனைத் தரைக்கு இறக்கினேன். பெரிய கேன் வாங்கும் ஆசையையும் விட்டுவிட்டேன். கருவி பழுதாகி எல்லாத் தண்ணீரும் கொட்டினாலும் தொட்டி தாங்கும் அளவுக்குத்தான் கேன் இருக்க வேண்டும்.

இன்னொரு தவறு சுத்தம் பற்றியது. ஆறாவது மாதம் கல்லில் பச்சை முடிப்பாசி முளைத்தது. பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் தூளைப் போட்டேன், மீனுக்குத் தீனியைக் குறைத்தேன், வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். முடிப்பாசி போனது. மூன்றே வாரத்தில் மணல்மேல் சளி போல ஒரு பழுப்பு நூல், நுனியில் காற்றுக்குமிழியோடு. காலையில் உறிஞ்சி எடுத்தால் மதியம் விளக்கு வெளிச்சத்தில் மறுபடி வந்து நிற்கும். டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். நத்தைகள் ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்து ஆறு செத்தன. மற்றப் பாசிகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் சாப்பாடே இல்லாமல் துடைத்து வைத்தால் காலியான இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. உறிஞ்சும் தூளை எடுத்தேன், தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்தினேன், மீனுக்கு வயிறு நிறையப் போட்டேன். நைட்ரேட் லிட்டருக்கு 8 மில்லிகிராம், பாஸ்பேட் 0.08 அளவுக்கு வந்து நிலைத்த பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, மொத்தம் ஏழு வாரத்தில் போனது. பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தோஷப்படும் பழக்கம் அத்தோடு எனக்குப் போய்விட்டது.

இப்போது தொட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கோமாளி மீன் ஒரு ஜோடி (எல்லாம் ஆணாகவே பிறந்து, பெரியது பெண்ணாக மாறும், என்னிடமும் அப்படித்தான் நடந்தது), மணலில் வளை தோண்டும் இறாலோடு கூட்டுக் குடித்தனம் நடத்தும் ஒரு கோபி மீன், நத்தைகள், துறவி நண்டு மூன்று. இதற்கு மேல் ஒரு மீனும் சேர்க்க மாட்டேன். நீல டாங் வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பையன் தினமும் கேட்கிறான், ஓரடி வரை வளரும் மீனை இதற்குள் போடுவது பாவம். பவளத்தில் காளான், ஸோயாந்தஸ், டங்கன் ஒன்று, சுத்தியல் பவளம் ஒன்று. ஸோயாந்தஸைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யவே செய்யாதீர்கள். அந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது, ஆவியாக மூச்சில் போனால் ஆஸ்பத்திரிதான்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. யாராவது ராமேஸ்வரத்திலிருந்து கல் வந்திருக்கிறது, தூத்துக்குடியிலிருந்து பவளம் வந்திருக்கிறது என்று விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். காய்ந்த செயற்கைக் கல்லும், பண்ணையில் பொரித்த கோமாளி மீனும் வைத்தே அழகான உப்புத்தண்ணீர்த் தொட்டி அமைக்கலாம். மீன் சேர்த்ததும் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் எந்தக் குறையும் இல்லை, அப்போது என்னிடம் ஒரு பவளம்கூடக் கிடையாது. இங்கேயும் நான் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளாகத்தான் கேட்டு வாங்குகிறேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் ஊர்தான். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது தீவுப் பக்கத்திலிருந்து வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் கரைக்கு வருமாம். காளவாசலில் போட்டுச் சுட்டால் சுண்ணாம்பு. எங்கள் ஆச்சி வீட்டுச் சுவரில் பூசியிருந்ததும் அந்தச் சுண்ணாம்புதான் என்று அப்பா சொல்வார். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் இரண்டு இப்போது கடலுக்கு அடியில். அதில் ஒன்று, விலங்குசல்லி, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருந்தது. அலையைத் தடுத்து நின்ற பவளத்தை வெட்டியெடுத்ததை அதற்குப் பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். வான் தீவும் அரித்துக்கொண்டே வந்து, கடைசியில் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டிவந்தது.

இப்போது சுண்ணாம்பை வைத்து நான் செய்யும் வேலையைச் சொல்கிறேன். சுத்தியல் பவளம் வந்து நாலு மாதத்தில் ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டின் அளவு, தானாக இறங்க ஆரம்பித்தது. மூன்று நாள் எதுவும் சேர்க்காமல் ஒரே நேரத்தில் அளந்தேன், 8.2-ல் இருந்து 6.7. அதாவது நாளுக்கு அரை டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு). பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக் கல் கட்டுகிறது என்று படித்திருந்தேன், அன்றைக்குத்தான் அதை எண்ணாகப் பார்த்தேன். வாரத்துக்கு ஒருமுறை ஆறு லிட்டர் தண்ணீர் மாற்றுவது அதற்குப் போதவில்லை. இரண்டு பாட்டில் மருந்து வாங்கித் தினமும் அளந்து ஊற்றலாம். நான் சுண்ணாம்புத் தண்ணீருக்குப் போனேன். ஏடிஓ எப்படியும் தினமும் ஒன்றரை லிட்டர் ஊற்றுகிறது, அந்தத் தண்ணீரிலேயே கால்சியம் ஹைட்ராக்சைடைக் கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

10 லிட்டர் கேனில் எட்டு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுண்ணாம்பு, இரண்டரை கிராம் வரும். மூடி நன்றாகக் குலுக்கி, அடியில் மண்டி தங்கும்வரை விட்டு, மேல் தெளிவு மட்டும் பம்புக்குப் போகும்படி பம்பை ஒரு சின்ன மேடைமேல் வைத்திருக்கிறேன். என் தொட்டிக்கு இந்த அளவு கிட்டத்தட்ட அந்த அரை டிகேஎச்சை ஈடுகட்டுகிறது. உங்கள் தொட்டிக்கு நீங்கள்தான் அளந்து கணக்குப் போட வேண்டும், என் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். செறிந்த சுண்ணாம்புத் தண்ணீரின் பிஎச் 12-க்கு மேல், மொத்தமாகக் கொட்டினால் தொட்டியே போய்விடும். இங்கே தேக்கா கடைத்தெருவில் வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு என்னென்ன இருக்கும் என்று தெரியாது, உணவுத் தரத்தில் தூளாகக் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை பம்பையும் குழாயையும் வினிகரில் ஊறவைக்க வேண்டும், வெள்ளைப் பொருக்கு அடைத்துக்கொள்கிறது.

மூன்று மாதமாக ஆல்கலினிட்டி 7.8-க்கும் 8.1-க்கும் நடுவிலேயே நிற்கிறது. இந்த நாட்களில்தான் சுத்தியல் பவளத்தின் நடுத் தலையில் ஒரு மாற்றம் தெரிந்தது. வட்டமாக இருந்த வாய் முதலில் நீண்டு, ஒரு பிளவு மாதிரி ஆனது. நோய் என்று நினைத்து இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் நடுவில் ஒரு இடுப்பு விழுந்து, இரண்டு வாயாகத் தனித்தனியே இறால் துண்டைப் பிடிக்க ஆரம்பித்தது. விளக்கு அணைந்து கைகளை உள்ளிழுத்துக்கொண்ட பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் சதைக்குக் கீழே புதிதாகக் கட்டிய கல் பால் வெள்ளையில் தெரியும், பழைய கல்லில் ஊதாப் பாசி ஏறியிருப்பதால் எல்லைக்கோடு துல்லியமாக இருக்கிறது. ஸ்கேலைக் கண்ணாடிக்கு வெளியே வைத்து அளந்தேன், நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

போனை அங்கேயே பிடித்து அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "இது மொத்தமும் நீ ஊத்துன சுண்ணாம்பா?" என்றார். கொஞ்சம் தண்ணீர் மாற்றும்போது உப்பிலிருந்து வந்தது, பெரும்பாலும் சுண்ணாம்பு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "உப்பு மூன்றரையில நிக்கிதுல்லா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தார்.